அம்மாவுக்கு முள்ளில்லாத மீன்: வீட்டில் வெட்டிப் பழகுவது எப்படி?

கேள்வி: அக்கா, நாங்கள் தெஹிவளையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். போன மாதம் அவருக்குத் தொண்டையில் முள்ளு குத்தி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. அதிலிருந்து மீனைத் தொடவே பயம். ஆனால் மீன் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சந்தையில் முள்ளில்லாமல் வெட்டித் தரச்சொன்னால் அவசரத்தில் கறித்துண்டாகவே போட்டுத் தந்துவிடுகிறார்கள். நானே பழகலாம் என்று வேலை முடிந்து வரும் வழியில் விளைமீன் ஒன்று வாங்கினேன். இரவு பையோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அடுத்த நாள் ஃபோனில் வீடியோ பார்த்துக்கொண்டே மரக்கறிக் கத்தியால் வெட்டினேன். பாதிச் சதை முள்ளோடு போய்விட்டது, மீதி நார்நாராகக் கிழிந்துவிட்டது. வீடு இரண்டு நாள் மணத்தது. "முள்ளோட காய்ச்சினாத்தான் அது குழம்பு" என்று அம்மா வேறு சொல்கிறார். எந்த மீனில் தொடங்குவது, எந்தக் கத்தி வாங்குவது? இல்லை, பேசாமல் சூப்பர்மார்க்கட் பாக்கெட்டை வாங்கிவிடலாமா?

பதில்: தம்பி, உங்கள் கையில் பிழை இல்லை. கடிதத்தை வாசித்தவுடன் எனக்குப் பட்டது இதுதான்: கத்தியை மீனில் வைக்கும் முன்பே காரியம் பாதி கெட்டுவிட்டது. மாலையில் வாங்கிய மீன், பையோடு ஃப்ரிட்ஜில் ஓர் இரவு, மரக்கறிக் கத்தி. ஹோட்டல் சமையலறையில் மீன் பகுதியைப் பல வருடம் பார்த்தவள் நான். அதே மீனையும் அதே கத்தியையும் என்னிடம் தந்திருந்தாலும் நல்ல துண்டு வந்திராது. ஆகவே மனம் விடவேண்டாம். அம்மாவுக்காகப் பழகுகிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மீனிலிருந்து தொடங்குவோம். பேலியகொடை மொத்தச் சந்தையில் வியாபாரம் விடியும் முன்பே நடக்கிறது. அங்கிருந்து காலி வீதி ஓரத்துக் கடைகளுக்கு மீன் காலையிலேயே வந்து இறங்கிவிடும். நீங்கள் மாலையில் வாங்கியது பெரும்பாலும் பகல் முழுக்கத் தட்டில் கிடந்த மீனாக இருக்கும். மேலே தண்ணீர் தெளித்து வைத்திருந்தாலும் கொழும்பு வெக்கைக்கு அது போதாது. மீனின் சதை மெல்லிய அடுக்குகளாக இருக்கிறது. அந்த அடுக்குகளைப் பிடித்து வைத்திருக்கும் சவ்வு, ஆட்டிறைச்சியில் இருப்பதைப்போலப் பலமானதல்ல. மீன் சூடேற ஏற அது தளர்ந்துவிடும். தளர்ந்த மீனில் எவ்வளவு கூரான கத்தியை விட்டாலும் சதை பிளந்து பிளந்துதான் வரும். நீங்கள் சொல்லும் நார்நாரான துண்டு அப்படி வந்ததுதான்.

ஆகவே காலையில் வாங்குங்கள், அதுவும் நேரத்தோடு. சனிக்கிழமையை நான் தவிர்ப்பேன். வெள்ளி மரக்கறி முடிந்து எங்கள் ஆட்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் மீன் தட்டைச் சுற்றி நிற்பார்கள்; வெட்டுகிறவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. மீனைத் தலையோடு பார்த்து வாங்குங்கள். கண் தெளிவாக, வெளியே தள்ளிக்கொண்டு இருக்க வேண்டும். பூவை, அதாவது மீன் மூச்சுவிடும் செவுளை, திறந்து பாருங்கள்: நல்ல சிவப்பாக இருந்தால் சரி, மண்ணிறமாகிச் சளி பிடித்ததுபோல் இருந்தால் விடுங்கள். வயிற்றை விரலால் அமத்தினால் பள்ளம் அப்படியே நிற்கக்கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கரைக் கடல் குழம்பிக் கிடக்கும். அப்போது கொழும்புக்கு வரும் மீனில் நிறைய கிழக்கிலிருந்து நீண்ட வழி வந்தது. அந்த மாதங்களில் பூவையும் வயிற்றையும் இரண்டு தரம் பாருங்கள்.

இன்னொன்று, பெரிய மீன் என்றால் புதுமீன் என்று ஒரு நினைப்பு இங்கே இருக்கிறது. ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகள் வாரக்கணக்கில் கடலில் நிற்கின்றன. முதல் நாள் பிடித்த மீன் கரைக்கு வரும்வரை ஐஸில்தான் கிடக்கிறது. நல்லபடி ஐஸ் போட்டிருந்தால் அதில் தவறில்லை. ஆனால் ஒருநாள் படகில் வந்த நடுத்தர விளைமீன், அந்தப் பெரிய துண்டை விடப் புதிதாக இருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

தொடங்குவதற்கு மீன்: விளைமீன் அல்லது பாரை, ஒரு கிலோவுக்குக் கிட்ட. விற்பவர் சிங்களவராக இருந்தால் விளைமீனை மீவெட்டியா என்றும் பாரையைப் பரவ் என்றும் கேளுங்கள். இரண்டிலும் முள்ளு தடிப்பு, சதை இறுக்கம். கத்தி முள்ளில் படுவது கைக்கு நன்றாகத் தெரியும். பாரையில் வால் பக்கம் நடுக்கோட்டில் ஒரு வரிசை கூரான செதில் இருக்கும், கையைக் கிழித்துவிடும், அதை முதலில் சீவி எடுத்துவிட வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கை பழகும்வரை அதே மீனையே வாங்குங்கள். ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு மீனாக மாற்றினால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். நான் பழக்கிய பலர் கைவிட்டது இந்த இடத்தில்தான்.

அறுக்குளாவில் தொடங்கவேண்டாம். விலையான மீன், அதை வட்டமாகத் துண்டு போடுவதுதான் முறை. நடுவில் ஒரு முள்ளு, சமைத்த பிறகு கையால் எடுத்துவிடலாம். சூடை, கீரி போன்ற சின்ன மீனும் வேண்டாம். ஒட்டியைத் தொடவே வேண்டாம் என்று சொல்வேன், கொஞ்ச காலத்துக்காவது. அதன் செட்டை முள்ளுகளில் நஞ்சு இருக்கிறது, செத்த மீனிலும் குத்தும். எப்போதாவது குத்திவிட்டால், சுடாத அளவுக்குப் பொறுக்கக்கூடிய சூடான தண்ணீரில் கையை வைத்திருங்கள். அந்தச் சூட்டுக்கு நஞ்சின் வலி தணியும். வலி ஏறினாலோ வீங்கினாலோ டொக்டரிடம் போங்கள்.

கடையில் இப்படிச் சொல்லுங்கள்: செதிலைச் சுரண்டி, பூவையும் குடலையும் எடுத்துத் தாருங்கள், தலையை வெட்டவேண்டாம், துண்டு போடவேண்டாம். இது அவருக்கு இரண்டு நிமிட வேலை, மறுக்கமாட்டார். தொடர்மாடி வீட்டில் மீன் வெட்டுவதில் தொல்லை பிடித்த பகுதி முழுவதும் அதோடு சந்தையிலேயே முடிந்துவிடுகிறது. சிங்க்கில் செதில் பறக்காது, பித்தப்பை உடைந்து சதை கசக்காது, குடல் குப்பை வீட்டுக்கு வராது. எல்லாவற்றையும் நானே செய்தால்தான் பழகியதாக அர்த்தம் என்று பிடிவாதம் பிடிக்கவேண்டாம். முதலில் கத்தி வேலை கைக்கு வரட்டும்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலும் மீன் சூடேறக்கூடாது. தண்ணீர்ப் போத்தல் ஒன்றை முதல்நாள் ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டு, பையில் மீனோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள். வந்தவுடன் வயிற்றின் உள்பக்கத்தைப் பாருங்கள். நடுமுள்ளை ஒட்டிக் கறுத்த இரத்தம் ஒரு கோடாக நிற்கும். அதை மூடியிருக்கும் மெல்லிய தோலைக் கீறி, கரண்டி நுனியால் சுரண்டி, குழாய்த் தண்ணீரில் கழுவிவிடுங்கள். பிறகு துணியாலோ டிஷுவாலோ உள்ளும் புறமும் நன்றாகத் துடையுங்கள். உடனே வெட்டவில்லை என்றால் வடிதட்டில் ஐஸ் பரப்பி, மீனைப் பொலித்தீனில் சுற்றி அதன்மேல் வைத்து, கீழே ஒரு பாத்திரம் வைத்து ஃப்ரிட்ஜில் விடுங்கள். வெறும் ஃப்ரிட்ஜின் குளிரை விட உருகும் ஐஸின் குளிர் மீனுக்கு நல்லது. மீன் விறைத்து வளையாமல் இருந்தால் மிகப் புதியது, ஆனால் அந்த விறைப்பு விடும்வரை வெட்டக்கூடாது. அப்போது வெட்டினாலும் சதை பிளக்கும்.

இப்போது நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதினமாக இருக்கலாம். முதலில் வாங்கும் மீனை வெட்டாதீர்கள், அவியுங்கள். உப்பும் மஞ்சளும் தடவி முழுதாக ஆவியில் வேகவைத்து, ஆறியபிறகு மேசையில் வைத்து, அம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, கையால் மட்டும் சதையைக் கழற்றுங்கள். மேல் பக்கத்துச் சதையைத் தள்ளினால் நடுமுள்ளிலிருந்து முதுகு நோக்கிச் சீப்புப் பல் மாதிரி வரிசையாக முள்ளு நிற்பது தெரியும். கீழே வயிற்றுப் பக்கம் விலாமுள்ளுகள் வளைந்து குடல் இருந்த இடத்தைச் சுற்றி நிற்கும். வயிறு முடிந்த இடத்திலிருந்து வால்வரை கீழ்ப்பக்கமும் நேர்முள்ளுதான். பிறகு, தலைப் பக்கத்திலிருந்து மீனின் நடுவளவுவரை, சதைக்கு உள்ளே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு ஒரு வரிசைச் சின்ன முள்ளு. பெரும்பாலும் தொண்டையில் போய் நிற்பது இந்த வரிசைதான். கண்ணால் பார்க்க முடியாத இந்த வரிசையை விரல் ஒருதரம் கண்டுபிடித்துவிட்டால் பிறகு மறக்காது.

அம்மாவைப் பக்கத்தில் இருத்தச் சொன்னது பேச்சுத்துணைக்காக மட்டும் அல்ல. யாழ்ப்பாணத்தில் அரிவாளில் மீன் வெட்டிப் பழகிய கைக்கு எந்த மீனில் எந்த இடத்தில் முள்ளு என்று தெரியும். வெட்டச் சொல்லவேண்டாம், காட்டச் சொல்லுங்கள். மீனுக்குப் பயந்திருக்கும் அவருக்கும், முள்ளு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்பது ஒரு தைரியம்.

கத்திக்கு வருவோம். மெல்லிய, ஒடுங்கிய, கொஞ்சம் வளைந்து கொடுக்கும் அலகு வேண்டும். 15 முதல் 18 சென்டிமீட்டர் நீளம் போதும். விலையுயர்ந்த கத்தி தேவையில்லை, ஆனால் அது கூராக இருந்தே ஆகவேண்டும். ஒரு பேப்பர்த் தாளை ஒரு கையில் தொங்கவிட்டுப் பிடித்து மேலிருந்து கத்தியை இழுங்கள். தாள் கசங்காமல் வெட்டுப்பட்டால் மீனுக்கு எடுக்கலாம். இல்லையென்றால் 1000 இலக்கத் தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுங்கள். கல்லுக்கும் கத்திக்கும் இடையில் 15 பாகை அளவு சரிவு, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அது வெட்டாததால் நாம் பலம் போடுகிறோம், பலம் போடும்போது வழுக்குகிறது. அரிவாள் கறித்துண்டு போட மிக நல்லது. ஆனால் இந்த வேலைக்குக் கத்தி முள்ளின்மேல் நகர வேண்டும். அரிவாளில் அலகு அசையாமல் நிற்கும், நகருவது மீன். அதனால் இதற்குச் சரிவராது. பலகைக்குக் கீழே ஈரத்துணி ஒன்றை விரித்தால் பலகை ஓடாது. முதுகுச் செட்டை முள்ளுகளை முதலிலேயே கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள்.

மீனின் முதுகு உங்கள் பக்கம் இருக்கட்டும். பூமூடிக்கும் பக்கச் செட்டைக்கும் பின்னால், தலையுச்சியிலிருந்து வயிறு நோக்கிச் சரிவாக ஒரு வெட்டு. கத்தி நடுமுள்ளில் முட்டியவுடன் நிறுத்துங்கள், முள்ளை வெட்டவேண்டாம். அடுத்து, முதுகுச் செட்டையை ஒட்டியபடி தலையிலிருந்து வால்வரை தோலை மட்டும் கீறுங்கள். ஆழம் வேண்டாம், கத்திக்கு ஒரு வழி திறந்தால் போதும். தோல் திறந்தபின் அதே வழியில் கத்தி நுனியை வைத்து, அலகை முள்ளுப் பக்கம் சற்றே சாய்த்து, தலையிலிருந்து வாலுக்கு ஒரே நீள இழுப்பாக இழுங்கள். மறுபடி தலையிலிருந்து, மறுபடி ஒரே இழுப்பு. மரம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் ஆட்டுவதில்தான் உங்கள் துண்டு கிழிந்திருக்கும். கத்தி சரியான இடத்தில் போகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை, கேட்கலாம். நுனி முள்ளுகளின்மேல் போகும்போது கிர்ர் என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். சத்தம் நின்றுவிட்டால் கத்தி சதைக்குள் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் கீழே சாயுங்கள். மற்றக் கையால் சதையை மெல்லத் தூக்கிப் பிடித்தால் முள்ளு வெள்ளையாகத் தெரியும்.

மூன்று நான்கு இழுப்பில் நடுமுள்ளின் மேட்டுக்கு வந்துவிடுவீர்கள். வால் பக்கத்தில் கத்தியை அந்த மேட்டைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் கொண்டுபோவது சுலபம். வயிற்றுப் பக்கம் விலாமுள்ளு மறிக்கும். பழகியவர்கள் விலாமுள்ளின் மேலாகவே கத்தியை வளைத்துக் கொண்டுபோவார்கள். நீங்கள் இப்போதைக்கு அதை முயலவேண்டாம். கத்தரிக்கோலால் விலாமுள்ளுகளை நடுமுள்ளோடு சேரும் இடத்தில் நறுக்கி, துண்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். பிறகு துண்டைத் தோல் கீழே இருக்கும்படி வைத்து, விலாமுள்ளுக்கு அடியில் கத்தியைக் கிடையாக விட்டுச் சீவினால் ஒரே தகடாக வந்துவிடும். கொஞ்சச் சதை போகும், போகட்டும். மறுபக்கமும் இதே முறைதான். ஆனால் கீழே சதை இல்லாததால் மீன் ஆடும், அதனால் இரண்டாவது பக்கம் எல்லோருக்கும் கொஞ்சம் மோசமாகத்தான் வரும்.

அப்புறம் அந்தச் சின்ன முள்ளு வரிசை. துண்டின் நடுக்கோட்டில் விரலை வாலிலிருந்து தலைப் பக்கம், பிறகு தலையிலிருந்து வால் பக்கம் தடவுங்கள், குத்தும். சில மீனில் அதைக் குறடால் பிடுங்கலாம், ஆனால் விளைமீனிலும் பாரையிலும் அது சதையை இறுக்கப் பிடித்திருக்கும், பிடுங்கினால் சதையும் கிழியும். வரிசையின் இரு பக்கமும் ஒவ்வொரு கீறு போட்டு, முள்ளு நிற்கும் ஒடுங்கிய பட்டியை அப்படியே வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியைத் தலை முள்ளோடு சேர்த்து வையுங்கள். எடுத்த இடத்தை இன்னொரு தரம் தடவிப் பாருங்கள். அம்மாவுக்குக் கொடுக்கும் துண்டை இரண்டு தரம், வெளிச்சத்தில். முள்ளில்லாத துண்டு என்று வெளியில் வாங்குவதிலும் ஒன்றிரண்டு நிற்கலாம். தடவிப் பார்க்காமல் நம்பவேண்டாம்.

பொரிக்கவோ குழம்புக்கோ என்றால் தோலை விடுங்கள், அது துண்டைக் குலையாமல் பிடிக்கும். எடுக்கத்தான் வேண்டும் என்றால், வால் நுனியில் தோல்வரை ஒரு வெட்டுப் போட்டு, விரலில் உப்புத் தொட்டுத் தோலைப் பிடித்து, கத்தியைப் படுக்கையாக அசையாமல் வைத்துக்கொண்டு தோலை இழுங்கள். வெட்டிய துண்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவவேண்டாம். தேசிக்காயும் மஞ்சளும் போட்டுக் கழுவும் பழக்கம் எங்கள் வீடுகளில் இருக்கிறது, அதை முழு மீனாக இருக்கும்போது செய்துவிடுங்கள்.

இனி அம்மாவின் குறை. முள்ளோடு காய்ச்சினால்தான் குழம்பு என்று அவர் சொல்வது சரி, தம்பி. ருசியில் பெரும்பங்கு தலையிலும் முள்ளிலும்தான் இருக்கிறது. ஒரு கிலோ விளைமீனில் முள்ளில்லாத சதை ஏறக்குறைய 400 கிராம்தான் வரும். மீதியை வீசினால் காசும் போகிறது, குழம்பும் போகிறது. ஆகவே இப்படிச் செய்யுங்கள். தலை, நடுமுள்ளு, சீவி எடுத்த பட்டி எல்லாவற்றையும் சட்டியில் போட்டு, மூடும் அளவு தண்ணீர் விட்டு, சின்ன வெங்காயம் நாலைந்து, ஒரு கறிவேப்பிலைக் கொத்து, கொஞ்சம் உப்புச் சேர்த்து மெல்லிய நெருப்பில் 20 நிமிடம் வையுங்கள். அதற்கு மேல் போனால் கசப்பு இறங்கும். பூ உள்ளே இருந்தாலும் கசக்கும், அதனால்தான் கடையிலேயே எடுக்கச் சொன்னேன். பிறகு அந்தத் தண்ணீரை வடியில் ஒருதரம், மெல்லிய துணியில் ஒருதரம் வடியுங்கள். துணி கட்டாயம், சின்ன முள்ளு வடிக்கண்ணால் போய்விடும்.

அந்த வடித்த தண்ணீரில் பழப்புளியைக் கரைத்து, அம்மா எப்படிக் குழம்பு வைப்பாரோ அப்படியே வையுங்கள்: வெந்தயம், உள்ளி, யாழ்ப்பாணத்துக் கறித்தூள், கடைசியில் முதற்பால். குழம்பு தடித்து, நீங்கள் உப்புப் புளி பார்த்து முடித்தபிறகுதான் மீன்துண்டு உள்ளே போகவேண்டும். இரண்டு சென்டிமீட்டர் தடிப்புத் துண்டு ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். கரண்டி போடாதீர்கள், சட்டியின் இரு காதையும் பிடித்து ஒருதரம் சுழற்றிவிட்டு இறக்குங்கள். முள்ளின் ருசி முழுவதும் குழம்பில் இருக்கும், முள்ளு இருக்காது. சொதிக்கும் இதே வழிதான், புளிக்குப் பதில் இறக்கியபின் தேசிக்காய்ப்புளி.

மணத்துக்கு ஒரு சொல். செத்த மீனில் கிருமிகள் பெருகும்போது உண்டாகும், புளிப்புக்கு எதிரான ஒரு காரப்பொருள்தான் அந்த நாற்றம். புளிப்புப் பட்டால் அது பறக்கமுடியாத உப்பாக மாறிவிடும். பலகையையும் சிங்க்கையும் முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், சுடுதண்ணீர் ஊற்றினால் மீன்சத்து வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சவர்க்காரம், கடைசியாகத் தேசிக்காய்த் தோலால் தேய்த்துக் கழுவுதல். குழம்புக்கு வடித்தபின் மிஞ்சும் முள்ளைப் பொலித்தீனில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் வைத்து, குப்பை வண்டி வரும் நாள் காலையில் மட்டும் வெளியே எடுங்கள். வீடு இரண்டு நாள் மணத்தது வெட்டியதால் இருக்காது, குப்பைக் கூடையில் கிடந்ததால் இருக்கலாம்.

சூப்பர்மார்க்கட் பாக்கெட் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். வேலை நெருக்கடி உள்ள கிழமையில் வாங்குங்கள். மீனின் பெயர் எழுதியிருக்கிறதா, ஐஸ் பூச்சு நீங்கலான நிறை எவ்வளவு என்று பாருங்கள். இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள், வெளியே மேசையில் வேண்டாம். ஆனால் அதில் தலையும் இல்லை, முள்ளும் இல்லை. அம்மா கேட்கும் குழம்பு அதில் வராது.

ஒரு முக்கியமான விஷயம். எவ்வளவு கவனித்தாலும் முள்ளு ஒன்று தொண்டையில் நின்றுவிட்டால், சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்கக் கொடுக்காதீர்கள். எங்கள் வீடுகளில் முதலில் செய்வது அதுதான், ஆனால் அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தவைத்துவிடும். விரலை விட்டும் எடுக்கப் பார்க்காதீர்கள். காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். மூச்சுத் திணறினாலோ இரத்தம் வந்தாலோ எச்சில் விழுங்கமுடியாவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு. அம்மாவுக்குத் தண்ணீர் குடிக்கும்போதும் புரைக்கேறுகிறது என்றால் அது முள்ளின் பிரச்சினை இல்லை, டொக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

விளைமீன் கைவந்தபின் சூரைக்குப் போகலாம். அதை நடுமுள்ளின் இரு பக்கமும் மேலும் கீழுமாக நாலு நீளத் துண்டாக எடுப்பார்கள். நடுவில் ஓடும் கறுத்த சதையை வெட்டி நீக்கினால் மணம் குறையும். அதில் ஐஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சூரை, கும்பளா போன்ற மீன் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அது எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடி வரும். சூரையை மாலையில் வாங்கவேண்டாம் என்பதுதான் என் முடிவு.

முதல் சில தடவை கிழிந்த சதை நிறைய மிஞ்சும். அதை வீசாதீர்கள். நடுமுள்ளில் ஒட்டியிருப்பதையும் கரண்டியால் சுரண்டிச் சேர்த்து, ஆவியில் அவித்து, ஆறியபின் விரலால் உதிர்த்து உதிர்த்து முள்ளுப் பாருங்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுதூள் சேர்த்துக் கட்லட் பிடியுங்கள், அல்லது தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டு வறையாக வறுத்துவிடுங்கள். ஒவ்வொரு துளியும் உங்கள் விரலுக்குள்ளால் போய் வருவதால், இப்போதைக்கு அம்மாவுக்கு நான் முதலில் கொடுக்கச் சொல்வது அந்த வறையைத்தான்.